ரசீதில் இருந்த நாற்பத்தொரு பேர்

கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக ரசீதில் பெயர் இருந்த நாற்பத்தொரு பேரும், சம்மன் போன மூன்றாம் நாள் காலை விழுப்புரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, போலீஸ் விசாரணைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் செத்துப்போனவர்கள்.

அந்தப் பெயர்களை எழுதியவர் பாண்டுரங்கன், திண்டிவனம் கட்சி ஆபீசில் பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதியவர். எங்கிருந்தோ வந்த பணத்துக்கு ஆள் காட்டச் சொன்னார் மாவட்டச் செயலாளர். வாக்காளர் பட்டியலிலிருந்து இறந்ததால் நீக்கப்பட்ட பெயர்களை எடுத்து ரசீது போட்டார் பாண்டுரங்கன். கடைசி ரசீதுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கிட்னி கெட்டு இறந்த மனைவி அம்சாவின் பெயரை எழுதினார்.

இன்ஸ்பெக்டர் இருதயசெல்வி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். செத்தவர்கள் டீ கிளாஸைச் சூட்டுக்காகக் கையில் வைத்துக்கொண்டார்கள், குடிக்கவில்லை. சேதி பரவி விக்கிரவாண்டி, பனமலையிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வாசலில் கூடினார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தன் அப்பாவிடம் நிலப்பத்திரம் இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நாற்பது பேர் பைசா கொடுக்கவில்லை என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக அம்சா வந்தாள். விசாரணைக்கு வந்து சுவரோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். இளைத்துப்போயிருந்தார்.

"அம்பதாயிரம் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார் இருதயசெல்வி.

"குடுத்தேங்க. நெலத்துல வெளஞ்ச மல்லாட்டை வித்த காசு."

பாண்டுரங்கன் உடைந்துபோனார். "பொய்யிங்க மேடம். எங்களுக்கு ஏது நிலம்? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்குக் காசு இல்லாம பஸ்ல நின்னுக்கினே போனவ. செயலாளர் சொன்னாரு, எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்."

"இன்னாயா நீ, வாயத் தொறந்துட்ட? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"உன் பேர்ல பொய் எழுதிட்டேன் அம்சா. நீயும் சொல்லாத."

அம்சா வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லி, கைநாட்டு வைத்தாள்.

செயலாளர் தன்மேல் வழக்கு நடத்தக் கூடாதென்று சென்னை ஐகோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். பாண்டுரங்கன் மட்டும் விசாரணைக் கைதியாகச் சிறைக்குப் போனார். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக மூன்றாவது வருஷத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சி அம்சா வந்துவிடுகிறாள். இருவரும் பேசிக்கொள்ள அனுமதி இல்லை. ஜல்தியாக முடித்துவிடலாம் என்று வக்கீல் சொன்னபோது, "அவசரம் இல்லீங்க" என்றார் பாண்டுரங்கன். கோர்ட் டவாலி இப்போதெல்லாம் யாரும் சொல்லாமலே, கூண்டுக்கு நேர் எதிரே அம்சாவுக்கு ஒரு நாற்காலி போட்டுவைக்கிறார்.