அர்ஜென்டினா மாட்டுக்கு விலை

முனிலட்சுமிக்கு மண்டையில் எல்லாம் ஏறும். சரித்திரத்தில் வரும் வருஷம் மட்டும் ஏறாது. அந்த ஒரு குறையால்தான் போன தடவை எட்டாம் வகுப்புப் பரீட்சை கைநழுவிப் போனது. இந்தத் தடவை தேறினால், அந்தக் கால வழக்கப்படி, வாத்தியாரம்மா பயிற்சியில் சேரலாம். இல்லையென்றால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

புருஷன் கங்கப்பன் ஓசூர்ச் சந்தையில் மாட்டுத் தரகன். எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் அவள் சத்தம் போட்டுப் படித்த அர்ஜென்டினா பாடத்தில், அங்கே மனுஷரைவிட மாடுகள் அதிகம் என்ற வரியில் சொக்கிப் போய்விட்டான். பாம்பாஸ் புல்வெளி, கோதுமை, கம்பளி, கப்பலேறும் இறைச்சி எல்லாம் இப்போது அவனுக்கும் தலைகீழ்ப் பாடம். வருஷத்தை நினைவில் நிறுத்த வழி கண்டுபிடித்தவனும் அவன்தான். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதுபோல, அவள் விரலைப் பிடித்து ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். விலை முடிந்தால்தான் கையை விடுவது தரகு வழக்கம்.

பரீட்சையன்று கிருஷ்ணகிரி பஸ்ஸிலும் துண்டு விரிந்தது. முன் சீட்டிலிருந்த கிழத் தரகர் கரியப்பன் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னா கங்கப்பா, வூட்டுக்காரிகிட்டயே வெல பேசறியா? எந்த மாட்டுக்கு?"

"அர்ஜென்டினா மாட்டுக்குங்க மாமா," என்றாள் முனிலட்சுமி. பஸ்ஸே சிரித்தது.

இறங்கியதும் துண்டை அவளிடம் நீட்டினான். "மடியில போட்டுக்க புள்ள."

கேள்வித்தாளில் அதேதான் வந்திருந்தது: அர்ஜென்டினா விடுதலையை அறிவித்த ஆண்டு எது? புல்வெளி ஞாபகம் வந்தது, மாடு வந்தது, ஆண்டு வரவில்லை. துண்டுக்கு அடியில் தன் விரல்களைத் தானே பிடித்துப் பார்த்தாள்.

மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வந்து துண்டைப் பிடுங்கி உதறினார். இரண்டு வைக்கோல் துரும்புதான் விழுந்தது. அசடு வழியத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் விரல்கள் சொல்லிவிட்டன, அவள் எழுதினாள்.

வெளியே வெறுந்தோளோடு நின்றிருந்தான் கங்கப்பன். பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவள் துண்டை அவன் கைமேல் போட்டு, அடியில் விரல்களைப் பிடித்தாள். ஒன்று, எட்டு, ஒன்று, ஆறு.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெல முடிஞ்சிருச்சு புள்ள. கைய உடு, ஊரே பாக்குது."

"இன்னும் முடியலீங்க," என்றாள், கையை விடாமல்.