நீலக் கிட்டாரின் கடைசிப் பூச்சு

ரோய்செர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஒளிப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பியா ஆட்டப் பாட்டு வாசிக்கும் எங்கள் குழுவில் பதினான்கு வருடமாக நான் இரண்டாவது கிட்டார். பின்னால் நின்று சக்கு சக்கு என்று தாளத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பவன். இரண்டாவது கிட்டாரைப் பார்த்து எந்தப் பெண்ணும் ஆடுவதில்லை. முன்னால் நின்று வாசித்தவன் பிப்ரவரியில் தலைநகர் லிமாவுக்குப் போய்விட்டான். அந்த இடம் எனக்குத்தான் என்று புதுச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் மோட்டோகார் என்கிற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிற இந்த ரோய்செர் குழுவுக்குள் வந்து சேர்ந்தான். முப்பது வயது. அவன் விரல்கள் இருக்கின்றனவே, எனக்குத் தர வேண்டியதைக் கடவுள் ஆள் மாற்றித் தந்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

குழுத் தலைவர் ஆர்தீதோரோ ஐயாவுக்கு வாசிப்பைவிட மினுமினுப்பு முக்கியம். எங்கள் சட்டைகளையே பார்த்தால் தெரியும்.

"ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பாட்டு வாசிங்க. முன்னால நிக்கிறது யாருன்னு அப்புறம் சொல்றேன்" என்றார். "ஆனா ஒண்ணு. சான் ஹுவான் திருவிழா மேடையில முன்னால நிக்கிறவன் கையில சொந்தக் கிட்டார் இருக்கணும். அதுவும் பளபளன்னு இருக்கணும். எவன்கிட்டயோ இரவல் வாங்கின ஓட்டைக் கட்டையைத் தூக்கிட்டு வந்தா, அப்படியே வீட்டுக்குப் போயிடணும், சொல்லிட்டேன்."

ரோய்செரிடம் இருந்தது இரவல் கிட்டார்தான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவனோ லிமாவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை வரவழைத்தான். உள்ளே உடல் தனி, கழுத்து தனி, கம்பியும் திருகும் குமிழும் பொட்டலம் பொட்டலமாக. நாமே பூட்டி, நாமே சாயம் போட்டுக்கொள்ள வேண்டிய எலக்ட்ரிக் கிட்டார். ஒருமுறை பூட்டிப் பார்த்தான், சத்தம் வந்தது, திரும்பக் கழற்றினான். அப்புறம் உடல்பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்தான். இந்தப் புகால்பா ஊரில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் வார்னிஷ் அடிப்பதுதானே என் பிழைப்பு.

"லிசார்டோ அண்ணே, எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு எதிரா வாசிக்கப் போறவன் நீதானேடா?"

"அது வாசிப்புண்ணே. இது வார்னிஷு. இதுல உங்களை விட்டா ஊர்ல யாரு இருக்கா?"

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? சொல்லிக் கொடுத்தேன். முகப்பில் ஒட்டியிருந்த புலிவரி மேப்பிள் மரத்தின் வெனீர் தகடு காகிதக் கனம்தான், அழுத்தித் தேய்த்தால் பொத்துக்கொள்ளும் என்றேன். ஸ்பிரிட்டால் துடைத்துப் பார், பசை சிந்திய இடம் வெளுப்பாகத் தெரியும், அங்கே சாயம் ஏறாது, சுரண்டி எடு என்றேன். முதலில் கறுப்பு, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் வரிகளில் மட்டும் கறுப்பு தங்கும், அதன்மேல் நீலம். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் கெடுத்துவிடுவான் என்ற நம்பிக்கையில்.

அவன் கெடுக்கவில்லை. பழைய பனியன் துணியைச் சுருட்டி நீலத்தைத் துடைத்தான். வரிகள் எழும்பி வந்தன. பலகையைச் சாய்த்தால் அவை நகர்ந்தன. பக்கத்துக் கடையிலிருந்து ஆள் ஆளாக வந்து எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி டெல்மிரா, நான் வார்னிஷ் அடித்த எதையும் இதுவரை நின்று பார்த்தறியாதவள், கையில் இருந்த கரண்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உன் கை ராசியான கைப்பா" என்றாள் அவனிடம்.

பதினெட்டு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். என் கையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம், சாப்பிட வருமுன் கழுவு என்பதுதான்.

என் ஸ்பிரே துப்பாக்கியாலேயே லாக்கர் வார்னிஷ் அடித்தான். தினம் ஒரு பூச்சு, நல்ல வெயிலில், ஆறு பூச்சு. ஒவ்வொன்றும் கண்ணாடி. ஏழாவது, கடைசிப் பூச்சு வெள்ளிக்கிழமைக்கு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை பகலில் ஆற்றுப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. அந்த மாதிரி நேரத்தில் லாக்கர் அடிக்கக் கூடாது என்பது இந்த ஊரில் வார்னிஷ் வேலை செய்யும் எவனுக்கும் தெரியும். ஈரக்காற்று உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளை பூத்துவிடும்.

"அண்ணே, மழை வரும்போல இருக்கே. இன்னிக்கு அடிக்கலாமா?"

ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் எதற்கு, அந்த நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அடி அடி. ஒரு பூச்சுதானே."

அடித்தான். கால் மணி நேரத்தில் அந்த நீலம் முழுக்கப் பாலாடை படர்ந்துவிட்டது. வரி ஒன்றும் தெரியவில்லை. ரோய்செரின் முகத்தை நான் பார்த்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"என்னண்ணே இது? என்ன ஆச்சு?"

இதற்கு மருந்து உண்டு. மறுநாள் வெயில் வந்ததும் மெதுவாக உலரும் தின்னரைப் பனி மாதிரி ஒரு தடவை தெளித்தால் போதும், வெள்ளை கரைந்து ஓடிவிடும். அந்த டப்பா என் தோளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"தேய்ச்சா போயிடுமாண்ணே?"

"போகலாம்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். டெல்மிரா தக்காச்சோ உருண்டைக்குச் சுட்ட வாழைக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். அவன் துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தான். வெள்ளை போகப் போகத் தேய்த்திருக்கிறான். லாக்கர் போய், நீலம் போய், வெனீரும் போய், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் கட்டை தெரிந்தது.

"நான் நாளைக்கு வரலண்ணே" என்றான். "இதைத் தூக்கிட்டு ஆர்தீதோரோ ஐயா முன்னால எப்படி நிப்பேன்? நீங்களே முன்னால நில்லுங்க. உங்களுக்குத்தான் அது வரணும், பதினாலு வருஷம் நின்னிருக்கீங்க."

அதைத்தான் நான் வேண்டியிருந்தேன். வாயைத் திறந்து ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அதற்குள் டெல்மிரா உலக்கையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளையா பூத்துச்சா? ஐயோ, இதுக்குப் போயா இப்படித் தேய்ச்சே? டாக்டர் வீட்டு அலமாரிக்கும் இதே வந்துச்சே. இவர் ஏதோ தின்னர் ஒரே ஒரு தடவை அடிச்சாரு, அஞ்சு நிமிஷத்துல சரியாப் போச்சு. ஏங்க, இவன்கிட்ட சொல்லலையா நீங்க?"

ரோய்செர் என்னைப் பார்த்தான். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது. அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவன் டெல்மிரா பக்கம் திரும்பினான்.

"சொன்னாரு அக்கா. நாலு தடவை சொன்னாரு. நான்தான் அவசரக்குடுக்கை, கேக்கல."

"அதானே பார்த்தேன்" என்றாள் அவள். "உக்காரு, சாப்பிட்டுப் போ."

உட்கார்ந்தான். இரண்டு உருண்டை சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னான். என்னை முறைக்கக்கூட இல்லை. பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"தங்கமான பிள்ளை" என்றாள் டெல்மிரா, அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்று.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டிக்கு வரவில்லை, சான் ஹுவான் அன்று நான்தான் முன்னால் நின்றேன். பெண்கள் என்னைப் பார்த்து ஆடினார்கள். எனக்குப் பின்னால் என் பழைய இடத்தில், இரவல் கிட்டாரோடு ரோய்செர். நான் எங்கெங்கே தடுமாறினேனோ அங்கெல்லாம் தாளத்தை இழுத்துப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் என்னைக் கரை சேர்த்தான். அதுவரை அவனுடைய விரல்கள்மேல்தான் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போது அந்த ஆள்மேலேயே இருக்கிறது, முழு ஆள்மேல்.