ஒரிஜினல் சாமான்

"எல்லாம் புதுசா மாத்தியாச்சு தம்பி. ஒரு உருப்படி பழசு கிடையாது."

ரோச் பெருமையாகச் சொல்லச் சொல்ல, நாசரேத்திலிருந்து கிட்டாரை விலைபேச வந்திருந்த, பழைய கிட்டார் வாங்கி விற்கிற பெனிஸ்டனின் முகம் வாடிக்கொண்டே போனது.

ரோச்சுக்கு விளங்கவில்லை. முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். திரேஸ்புரத்தில் படகு இன்ஜின் விற்கிறவன் அப்படித்தானே சொல்வான்? பிஸ்டன் புதுசு, கார்புரேட்டர் போன மாசம் போட்டது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினால்தான் விலை ஏறும். கிட்டாருக்கும் அதே கணக்குதான் என்று நினைத்துவிட்டார், பாவம். மச்சான் கப்பல் வேலைக்குப் போனபோது ஜப்பானில் வாங்கிவந்து கொடுத்த எலக்ட்ரிக் கிட்டார் அது. கடல் காற்று சும்மா விடுமா? கம்பியை முறுக்குகிற சாவிகள் உப்புப் பூத்து இறுகின. கம்பியின் ஓசையை வாங்குகிற பிக்கப் இரண்டும் கரகரத்தன. ஒவ்வொன்றாக மாற்றினார். ஸ்குரூகூடப் படகுக்குப் போடுகிற, துருப்பிடிக்காத ஸ்குரூ. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் வாசித்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் கால் தட்டும்.

விற்க மனசே இல்லை. ஆனால் மனைவி ஜாஸ்லினின் கிரைண்டர் புகைந்துபோய் ஒரு வாரமாகிறது. தெருவுக்கே தோசை மாவு அரைத்துக் கொடுத்தவள். வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள். இன்னும் நாலு நாள் விட்டால் திரும்ப மாட்டார்கள். கிட்டாரை விற்றுவிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பார்.

"அண்ணாச்சி, பழைய கிட்டார் வாங்குதவன், கம்பெனியில போட்ட சாமான் அப்படியே இருக்கான்னுதான் பாப்பான். ஒரு சாவி மாறினாலும் விலை இறங்கும். நீங்க கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரில்லா பண்ணி வச்சிருக்கீய!"

"அப்ப நல்லா வாசிக்கது குத்தமா தம்பி?"

"வாசிக்கதுக்கு இது தங்கம். விக்கதுக்குப் பாதி விலைதான்."

டீ கொண்டுவந்த ஜாஸ்லின் டம்ளரைச் சற்று அழுத்தியே வைத்தாள். "பாதிக்கெல்லாம் குடுக்க வேண்டாம்."

பெனிஸ்டன் டீயை ஊதினான். "கழட்டின பழசையெல்லாம் எங்க போட்டீய?"

"எங்க போடுவேன்? கட்டிலுக்கு அடியில பெயின்ட் டப்பாவுல கிடக்கு."

படகுக்காரன் கழற்றின சாமானை எறிவதில்லை. நடுக்கடலில் புதுசு மக்கர் பண்ணினால், பழசுதான் கரை சேர்க்கும். ஜாஸ்லின் பெயின்ட் டப்பாவை இழுத்துவந்து பேப்பர்மேல் கவிழ்த்தாள். "பழைய இரும்புக்காரர்கிட்டப் போடுங்கன்னு நாலு வருசமா சொல்லுதேன்."

பெனிஸ்டன் டீயை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தான். "இதே கிட்டார் எங்க வீட்டுல ஒண்ணு நிக்கி. எவனோ எல்லாத்தையும் கழட்டித் தொலைச்சிட்டான். இதைப் போட்டா அது நிமிந்திரும்."

"பிக்கப் கரகரக்குமே தம்பி," என்றார் ரோச். மறைக்கத் தெரியாத மனுஷர்.

"கரகரக்கட்டும். வாங்குதவர்ட்ட சொல்லியே விப்பேன். கிட்டாரை நீங்களே வச்சுக்கோங்க. இதுக்குப் பதிமூவாயிரம் தாரேன்."

ரோச் கிட்டாரையும் பழைய சாமானையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாஸ்லின் முந்திக்கொண்டாள். "டப்பாவும் சேத்தா?"

"டப்பா உங்களுக்கே இருக்கட்டும்க்கா!"

அவன் பைக் தெரு திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"கடையில நாம பாத்துட்டு வந்த அந்தப் பழைய கிரைண்டர் இன்னும் இருக்குமா?" என்றாள்.

"போன் போட்டுக் கேக்கேன்."

"கேளுங்க. அதுல என்னென்ன மாத்தியிருக்குன்னும் சேத்துக் கேளுங்க."

அவர் கடைக்காரர் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அடுக்களையில் பெரிய குண்டானுக்குள் அரிசி சரிகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஜாஸ்லின் முழங்கை வரை கையை விட்டு அலசிக்கொண்டிருந்தாள். கழனித் தண்ணீர் வெள்ளையாகச் சுழன்று விளிம்பில் தளும்பியது.