இளைத்துக்கொண்டே போன பாட்டு

என் கணவரின் ராக் பேண்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு. அதுவும் தப்பான வேகத்தில்.

அவருக்குப் பட்டப்பெயர் இடி. குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், காதலி போய்விட்டாள் என்று ஒரு சோகப் பாட்டு எழுதி, முதல் இசைத்தட்டுக்காகப் பாடினார். டிரம்ஸ் என் தம்பி. பதிவன்று மின்சாரம் இல்லாததால் ஜெனரேட்டரில் ஓட்டினார்கள். அது திணறியதில் டேப்பும் மெதுவாகச் சுழன்றிருக்கிறது. அங்கேயே போட்டுக் கேட்டதும் அதே ஜெனரேட்டரில்தான் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

தட்டு அச்சாகி வீட்டுக்கு வந்தது. மெதுவாகப் பதிந்தது சரியான வேகத்தில் ஓடியபோது, சோகம் துள்ளிக் குதித்தது. இடியின் குரல் மீசை முளைக்காத பையனுடையதாகியிருந்தது.

"யாருடா இது பாடறது?" என்றார் அவர்.

"நீங்கதான் மச்சான். போன ஜென்மத்துல பாடியிருப்பீங்க போல."

வானொலிக்காரர்கள் அதைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் போட்டார்கள். தெருவே பாடியது. மேடையில் அந்தச் சுருதியை எட்டுவதற்குள் அவருக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். "பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்குங்க மச்சான், வந்துடும்" என்று பின்னாலிருந்து தம்பி ஊக்கம் கொடுப்பான்.

பிறகு கேசட் வந்தது. தட்டிலிருந்தே நகல் எடுத்தார்கள்; தட்டை ஓட்டிய இயந்திரமும் ஓர் அவசரக்குடுக்கை. பாட்டு இன்னும் சுருங்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எங்கே அது ஒலித்தாலும் அவர், "அது நான் இல்ல" என்பார். "ஒரு தடவையாவது என் குரல்லயே அது வெளிய வரணும்" என்று என்னிடம் மட்டும் சொல்வார். வருவதற்குள் அவர் போய்விட்டார்.

போன வருடம் அதை மறுபடி வெளியிட ஒரு கம்பெனி முன்வந்தது. மூல டேப், தம்பி வீட்டு அலமாரியில் பழைய தலையணைகளுக்குப் பின்னால் கிடைத்தது. ஒலிப்பொறியாளராக இருந்த பெண் என்னை ஒலிபெருக்கிக்கு நேராக உட்கார வைத்தாள்.

"வேகத்தை எவ்வளவு குறைக்கணும்னு மெஷின் உத்தேசமாத்தாம்மா சொல்லும். அவர் குரல் எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

குமிழை மெல்லத் திருப்பினாள். பையன் இளைஞனானான். பிறகு யாரோ தூரத்து உறவுக்காரர் பாடினார். பிறகு அவருடைய அண்ணன் மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். "இன்னும்... நிறுத்தும்மா."

அறைக்குள் அவர் இருந்தார். மூக்கைச் சிந்திவிட்டு, "திரும்பப் போடு" என்றேன்.

கூட வந்திருந்த தம்பியின் முகம் சுண்டிப்போயிருந்தது. "அக்கா, டிரம்ஸைக் கேட்டியா? தூங்கிக்கிட்டே வாசிச்சிருக்கேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு. இத்தனை நாளும் அந்த வேகம்தான் என் மானத்தைக் காப்பாத்தியிருக்கு."

"பேரன் எடுத்தாச்சு. இனிமே உனக்கு யாருடா பொண்ணு தர மாட்டேன்னு சொல்லப்போறா?"

"விளையாடாதக்கா. ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு அது. இந்த ஒப்பாரியை யார் கேப்பா?"

"ஒப்பாரிதான். உன் மச்சான் ஒப்பாரிதான் எழுதினாரு. இது வராட்டி எதுவும் வர வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் இன்னொரு முறை பாட்டைக் கேட்டான். கடைசி வரியில் அவர் குரல் அடிவயிற்றுக்கு இறங்கும் இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"சரி. ஆனா உறையில என் பேரைப் பொடி எழுத்துல போடச் சொல்லு."

பாட்டு அவர் குரலிலேயே வெளிவந்தது. புகார்களும் வந்தன: தட்டு பழுது, பாட்டு இழுக்கிறது. ஒருவர் எப்படியோ எண் தேடி எனக்கே போன் செய்துவிட்டார்.

"நான் சின்ன வயசுலேர்ந்து கேக்கிற பாட்டும்மா. ஏதோ கோளாறு ஆயிடுச்சு. குரலே மாறியிருக்கு."

"கோளாறெல்லாம் இல்லீங்க. அவரு அப்படித்தான் பாடுவாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட இருந்தவ நான்."



"அப்படியா... அப்போ அது சோகப் பாட்டாம்மா?"

"ஆமாங்க."

"அடப்பாவமே, இத்தனை நாளா கை தட்டிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றார். "இருங்க, மறுபடி முதல்லேர்ந்து கேக்கிறேன்."