எல்லா நேரமும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தேதி டீச்சர். வரலாறுதான் அவள் பாடம். ஒரு போரைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு வருஷத்தைத் தப்பாகப் போட்டால், நாலு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடு. அப்பேர்ப்பட்டவள் ஏமாந்த கதை இது.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கரையில் ஆயிரம் வேலை இருக்க, அந்த வாலு சரக்குக் கப்பலில் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தாள். நடுக்கடலில் போன் எடுக்காது. மகள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் டீச்சர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள்.

கப்பல் போகும் வழியில் ஒரு கால்வாய் வரும். அங்கே கேமரா வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்டில் புதுப்படம் போடுவார்கள். வாலுதான் அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்பியிருந்தாள். அம்மா திறந்து பார்த்தாள். இரண்டு ராட்சசக் கதவுகளுக்கு நடுவே கப்பல் நின்றது. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் தொப்பியில் ஒரு புள்ளி. "வாலு!" என்று அவள் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்த கணவர் கத்திரிக்கோலோடு ஓடிவந்தார். தையல்காரர் அவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "நிக்கிற தோரணையைப் பாரு, அவளேதான்" என்றார்.

மறுநாள் காலையில் திறந்தாள். கப்பல் அங்கேயே நின்றது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். கால்வாயில் நெரிசல் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்னத்த நிர்வாகம் பண்றாங்களோ, என் பொண்ணு கால்கடுக்க நிக்கிறா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். குறையெல்லாம் வாயோடு சரி. உள்ளே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளை கண்ணெதிரே நிற்கிறாள், தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறது, பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? காலையில் பல் விளக்கியதும் திரையைப் பார்த்து, "எழுந்துட்டியா?" என்பாள். அங்கே மட்டும் எப்போதும் வெயிலாகவே இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றத்தான் செய்தது. அந்தப் பக்கம் நேரம் வேறே என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். படத்தின் மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்தது. தேதி டீச்சர் அதை ஒருநாளும் படிக்கவில்லை. மகள் நடுவில் நிற்கும்போது மூலையை யார் பார்ப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. வாலுவேதான்.

"அம்மா, கால்வாய்ல இருக்கேன். இப்பதான் சிக்னல் கிடைச்சுது."

"தெரியும்டி. உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். இத்தனை நாளா உங்களை நகரவே விடலையா?"

"என்ன இத்தனை நாளா? போய், போனே எடுக்காத துறைமுகத்துல சரக்கை இறக்கிட்டு, திரும்பியே வந்துட்டோம். இப்ப வீட்டுக்கு வர்ற வழிம்மா."

"என் காதுலயே பூ சுத்தாதே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே, இதோ என் கண்ணு முன்னாடி."

"நான் உள்ள என் அறைல உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருக்கேன்!"

டீச்சர் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். காதில் இருப்பவள் பூட்ஸ் மாட்டுகிறாள். கண்ணில் இருப்பவள் வெயிலில் நிற்கிறாள். இரண்டு பேரும் அவள் பெற்ற பிள்ளைதான். யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்தாள்.

"மூலையில தேதி இருக்கும், படிம்மா."

படித்தாள். அவள் முதன்முதலாகத் திறந்து பார்த்த நாளின் தேதி. இவள் "எழுந்துட்டியா?" என்று கேட்ட காலைகளிலெல்லாம் மகள் பெருங்கடலின் நடுவில் இருந்திருக்கிறாள். அங்கே என்ன மழையோ, என்ன காற்றோ. ஒன்றும் தெரியாமல் இவள் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"உன் கம்ப்யூட்டர் அன்னிக்கு வாங்குன படத்தையே பத்திரமா வச்சுக்கிட்டு, தினமும் அதையே எடுத்துக் காட்டியிருக்கு" என்றாள் வாலு. "அதை அழிச்சாதான் புதுசு வரும். கவனமா கேளு. எனக்கு இப்ப மேல டியூட்டி, போன் எடுக்க முடியாது. கப்பலோட முன்பக்கம் நிப்பேன். இதை விட்டா மறுபடியும் கடல், அங்க கேமரா கிடையாது. பிரவுசர்ல அமைப்புகள்னு இருக்கும். அதுக்குள்ள போய் வரலாற்றை அழி."

"எதை?"

"வரலாற்றை."

"யாருகிட்டடி சொல்றே?"

வாலு சிரித்தாள். "கேஷ், குக்கீஸ், எல்லாத்துக்கும் டிக் போட்டு..." அதோடு லைன் போய்விட்டது.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டுத் தடுமாறி அந்த இடத்தைப் பிடித்தாள். கணவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீ வரலாற்றை அழிச்சேன்னு தெரிஞ்சா பிள்ளைங்க லீவு கேட்டுக் கொண்டாடுவாங்க" என்றார். எவ்வளவு காலத்துக்கு அழிக்க வேண்டும் என்று திரை கேட்டது. கடைசி ஒரு மணி நேரமா, கடைசி ஒரு நாளா, கடைசி ஒரு வாரமா என்று வரிசையாகக் காட்டிவிட்டு, அடியில் 'எல்லா நேரமும்' என்றது.

எல்லா நேரமும். அரசர்களும் போர்களும் பஞ்சங்களுமாக இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியவள் அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பெரிய வார்த்தையை இவ்வளவு சின்னப் பொத்தானில் எவன் எழுதினான்?

"அமுக்கேன்" என்றார் கணவர்.

"இவளும் போயிடுவாளேங்க."

"படம்தானே? போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவோம்."

"வேண்டாம்" என்றாள் அவள். "எடுத்தா மறுபடியும் இவளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்." சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அமுக்கினாள்.

முகவரியை மறுபடி அடித்தபோது திரை வெள்ளையாகக் கிடந்தது. பிறகு, நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவரா என்று கேட்டது. தினமும் வந்து குசலம் விசாரித்தவளைத்தான் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள்.

படம் வந்தது.

அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதே கதவுகள்தான். ஆனால் கப்பல் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவது போல நின்றது. அடுத்த படத்தில் அது ஒரு முழம் உயர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கீழே தண்ணீரை ஊற்றி ஊற்றி, மலை மாதிரிக் கப்பலை மாடியேற்றுகிறார்கள்! கணவன் மனைவி இருவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். கப்பலின் மூக்கில் மழைக்கோட்டு போட்ட உருவம் ஒன்று கையைத் தூக்கியிருந்தது.

"நமக்குத்தான் கை காட்டறா" என்றார் அவர்.

இல்லை. அடுத்த படத்தில் கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. கரையில் வடம் பிடித்திருந்த ஆட்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தாழ்ந்தது, வடம் தளர்ந்தது. கை எழுந்தது, வடம் விறைத்தது. தொட்டிலில் கிடந்தபோது இந்தக் கைக்குள் டீச்சரின் ஒரு விரல்தான் அடங்கும்.

"ஒரு டம்ளரை எடுத்து வைன்னா வைக்க மாட்டா" என்று ஆரம்பித்த கணவர் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நாளும் மகளைப் பத்திரமாக நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோமே, இவள் நிற்கிற பிள்ளையே இல்லையே என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

கதவுகள் திறந்தன. கப்பலின் மூக்கு படத்தைத் தாண்டியது, பிறகு உடம்பு, பிறகு பின்புறம். அடுத்த படத்தில் வெறும் தண்ணீர். அதற்கடுத்ததிலும் வெறும் தண்ணீர்.

"என்னது, மறுபடியும் பழசையே காட்டுதா?" என்று பதறினார் அவர். "அவளைக் காணோமே?"

டீச்சர் மூலையில் இருந்த தேதியைப் படித்தாள். நேரத்தையும் படித்தாள்.

"இல்லீங்க" என்றாள். "வந்துக்கிட்டு இருக்கா."