பவுடர் பூசிய ஏரி

நம் ஊரில் ஓர் அதிகாரி வருகிறார் என்றால், அவர் வருகிற தெருவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். சாக்கடையை அள்ள மாட்டார்கள், குப்பையை எடுக்க மாட்டார்கள். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கை கூசாமல் தூவுவார்கள். வந்தவரும் அந்த நெடியை மோந்துவிட்டு, பரவாயில்லையே, சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டுப் போவார். இத்தனை காலம் இந்தக் கூத்து தெருவோடு நின்றிருந்தது. அதை ஏரி வரைக்கும் கொண்டுபோன புண்ணியவான் கருங்காப்பட்டு ஊராட்சித் தலைவர் வெங்கடேசன்தான்.

எழில்மதி ஜீப்பை விட்டு இறங்கியதுமே நெடி மூக்கில் ஏறியது. கள்ளக்குறிச்சியில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்த ஏரிக்கரையைச் சுற்றி வந்து, எண் போட்ட ஐந்து கற்களுக்கு நேரே தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இன்றைக்குக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை தீட்டி, முன்னால் கோலம் வேறு போட்டிருந்தார்கள். கல்லுக்கு நேரே தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

வெங்கடேசன் கை கட்டிக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"நீங்க வர்றீங்கன்னு விடியறதுக்கு முன்னாடியே ஆள வுட்டு ஏரியில பவுடர் போட்டாச்சு மேடம். கல்லாண்ட ஜாஸ்தியா போடச் சொன்னேன். ஒரு கிருமி இருந்தா என்னைக் கேளுங்க."

இந்த மனுஷனைத் திட்டுவதா, இவரைத் தேர்ந்தெடுத்தவர்களைத் திட்டுவதா என்று எழில்மதிக்குப் புரியவில்லை. அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் நேரே பொறியாளர் ஆதிமூலத்திடம் போய், பவுடர் கலந்த தண்ணீரைச் சோதித்து ஒரு புண்ணியமும் இல்லை என்று சொன்னாள். ஆதிமூலம் ஆறு வருஷமாக இந்த ஏரியைக் கண்காணித்து வருகிறவர். கண்காணிப்பது என்றால் ஷாமியானா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இளநீர் குடித்தபடி ஏரி இருக்கிற திசையைப் பார்ப்பது. ஷூவில் ஈரம் பட்டால் அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். கல்லுக்கு நேராகத் தண்ணீர் இருக்கிறதா, இருக்கிறதென்றால் பிடி, அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தக் கற்களின் பெருமையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாவது கல் முதலில் ஓடை வாயில்தான் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக இறங்குகிற மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற மில் ஒன்று ஏரிக்கு மேற்கே இருக்கிறது. அதன் கழிவுத் தண்ணீர் புளித்து நாறிக்கொண்டு வந்து ஏரியில் விழுகிற இடம் அது. அங்கே நிற்க நிழல் இல்லை, அதிகாரிகள் வெயிலில் வாடுகிறார்கள் என்று மனம் உருகிப்போன வெங்கடேசன், போன வருஷம் கல்லைப் பெயர்த்துப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் நட்டுவிட்டார். அன்றிலிருந்து ஏரிக்கு எந்த நோயும் இல்லை.

இதில் வயிறு காய்ந்தது அமலோற்பவத்துக்குத்தான். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவள் அவள். இரண்டு தடவை விட்ட மீன், கிழங்கு அரைக்கிற பருவத்தில் செத்து மிதந்தது. மனு கொடுத்தால், ஏரித் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சோதனை சொல்கிறதே என்றார்கள். இப்போது மூன்றாவது தடவையாக விட்ட மீன், பவுடர் எட்டாத நடு ஏரியில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் வலை போடுகிற அளவுக்கு வளர்ந்து நின்றது. இதுவும் போனால் குத்தகையும் போகும். பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் முதல் கல்லருகே எழில்மதியை மறித்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"மேடம், அந்த ஓட வாயாண்ட ஒரே ஒரு பாட்டில் புடிச்சிக்கினு போங்க. வேற ஒண்ணும் கேக்கல."

எழில்மதி அதையும் ஆதிமூலத்திடம் கேட்டுப்பார்த்தாள். அங்கே கல் இல்லையே அம்மா என்றார் அவர், ஏதோ அங்கே தண்ணீரே இல்லை என்பது போல. அவருடைய கையெழுத்து இல்லாமல் பிடித்துக்கொண்டு போனால் கூடத்தில் அதைக் கழுவும் தொட்டியில்தான் ஊற்றுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளைத் தண்ணீரை ஐந்து பாட்டிலில் பிடித்து மூடினாள். இந்த முடிவு வெளியே வந்தால் மாவட்டத்திலேயே சுத்தமான ஏரி இதுதான் என்று கேடயம் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

அதோடு விட்டார்களா? வேப்பமரத்தடியில் விழா இருந்தது. மில் முதலாளி பிரவீன்குமார் ஏரிக்கு மீன் குஞ்சு தானம் செய்கிறாராம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். ஏரி நமக்குத் தாய் என்று ஆரம்பித்து, தாய்க்குத் தாங்கள் செய்துவரும் சேவைகளை அடுக்கினார். தாய் வாயில் தினமும் எதை ஊற்றுகிறார் என்பதை மட்டும் அடக்கம் கருதி விட்டுவிட்டார். இரண்டு டிவிக்காரர்களும், செல்போன் வைத்திருந்த ஊர் ஜனம் முழுக்கவும் படம் பிடித்தார்கள். குத்தகைக்காரிக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. மரத்தை ஒட்டி மீந்துகிடந்த பவுடர் மூட்டை மேல் அமலோற்பவம் தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

பாலித்தீன் பைகளைப் பிரித்து, மாலை போட்ட குடத்தில் குஞ்சுகளை ஊற்றி, பிரவீன்குமார் குனிந்து தண்ணீரில் விட்டார். கைதட்டினார்கள். குஞ்சுகள் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு துடித்தன, துள்ளின, மல்லாந்தன. போட்டோக்காரர் இன்னொரு தடவை குனியச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, முதலாளியின் காலடியில் கரையோரம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை வயிறுகளாக ஒதுங்கிவிட்டன.

கூட்டத்தில் யாரோ, எல்லாம் மில்லுத் தண்ணி செய்யற வேலை என்றார்கள். அது ஒரு வாயிலிருந்து பத்து வாய்க்குப் போனது. டிவிக்காரர் கேமராவைப் பிரவீன்குமாரின் முகத்துக்குத் திருப்பினார். இத்தனை வருஷம் இந்த ஊரில் யாரும் அவரைப் பார்த்துக் குரல் உயர்த்தியதில்லை. மனுஷன் அவசரமாகக் குறுக்கே பாய்ந்தார்.

"மில்லுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? ஏரி பூரா பவுடரக் கொட்டி வச்சிக்கினு இருக்காங்க, அதுல செத்துது. தலைவரே, போட்டீங்களா இல்லியா, சொல்லுங்க."

போட்டோம், நிறையவே போட்டோம் என்று வெங்கடேசன் உற்சாகமாகத் தலையாட்டினார். பவுடர் தண்ணீரில் மீன் பிழைக்குமா என்று முதலாளி ஆதிமூலத்தைக் கேட்டார். கேமரா முன்னால் தன்னை ஒரு விஷயம் தெரிந்தவராக மதித்துக் கேட்கிறார்களே என்கிற பூரிப்பில் ஆதிமூலம் எழுந்தே நின்றுவிட்டார். மீன் என்ன, தவளைகூடப் பிழைக்காது, தண்ணீரின் குணமே மாறிப்போயிருக்கும் என்று விளக்கமாகச் சொன்னார்.

எழில்மதி ஐஸ் பெட்டியைத் தூக்கி அவர் எதிரில் வைத்தாள்.

"அப்போ காலையில புடிச்ச இந்த அஞ்சு பாட்டிலும் செல்லாதுங்களே சார்."

ஆதிமூலம் கேமராவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். இப்போதுதான் சொன்னதை எப்படித் திருப்பிப் பேசுவது? செல்லாது என்று முனகினார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள், பவுடர் படாத இடத்தில் இப்போதே பிடித்துவிடலாம் என்று எழில்மதி சொல்லிவிட்டு, அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று வெங்கடேசனைக் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம்?

"கரை முழுக்கப் போட்டாச்சு மேடம். அந்த ஓட வாய் ஒண்ணுதான் பாக்கி. நாத்தம் தாங்காம ஆளுங்க கிட்டவே போவல."

சொல்லி முடித்தபிறகுதான் முதலாளி தன்னைப் பார்க்கிற பார்வை அவருக்கு உறைத்தது. பிரவீன்குமார் அவர் காதில் ஏதோ சொன்னார். வெங்கடேசன் தடதடவென்று வேப்பமரத்தடிக்கு ஓடினார். அமலோற்பவம் மூட்டை மேல் அப்படியே இருந்தாள். எழுந்திரு, அவசரம், ஓடை வாயிலும் போட மூட்டை வேண்டும் என்றார். அவள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகச் சம்மணம் போட்டாள்.

"காலு வலிக்குது தலைவரே. எனக்குத்தான் ஒரு நாற்காலி போடலியே நீங்க."

இன்னும் இரண்டு பேர் வந்து சுற்றி நின்றார்கள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொம்பளையைக் கையைப் பிடித்து இழுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

எழில்மதி காலி பாட்டிலோடு கரை மேல் வேகமாக நடந்தாள். விதிப்படி பிடிக்கிற இடத்திலேயே நின்று கையெழுத்துப் போட வேண்டிய ஆதிமூலம், டிவிக்காரர்கள் இருக்கிறார்களே என்று, ஷூ புளித்த சேற்றில் புதையப் புதைய, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். ஆறு வருஷத்தில் அவர் ஏரியை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்தப் பாட்டிலை ஆபீசில் என்னவெல்லாம் செய்யப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நுரைக்கு அடியில் அதை முக்கி, நிரப்பி, மூடியை இறுக்கினாள். சீட்டை ஒட்டி அவரிடம் பேனாவை நீட்டினாள். இடத்தின் பெயர் என்ன எழுத, இங்கே கல் இல்லையே என்று அவர் கடைசியாக ஒரு தடவை முனகிப்பார்த்தார்.

"மில்லு ஓட வாய்னு எழுதுங்க சார்."

எழுதினார். எழில்மதி திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் வேப்பமரத்தடியில் அமலோற்பவம் இன்னும் எழுந்திருக்கவில்லை.