கழுத்தில் மட்டும் வேண்டாம்

பட்டப்பகலில், பாத்திரம் கழுவிக்கொண்டே குழாயடியில் தூங்கிப்போனேன். கறிக்கடையை அடைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் தோளை உலுக்கினார். அவர் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசைந்தது.

"ஏ ஜோதி, என்ன செய்யுது?"

"தாகமா இருக்குங்க." அதற்குள் அரைக்குடம் குடித்திருப்பேன்.

எனக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து ரத்தக்குழாயில் சிக்கும். சிக்கிய இடத்தில் உயிர் போகும். அந்த வலி பங்காளி மாதிரி, வந்து ரகளை பண்ணிவிட்டுப் போய்விடும். இப்போதைய வலியோ எலும்புக்குள் குடிவந்து கதவையும் சாத்திக்கொண்டது. இது வேற வலி என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனேன். பழைய வலிதான் என்றார்கள் எல்லாரும். இவர் தன் பங்குக்குத் தினம் ஆட்டுக்கால் சூப்பும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்.

மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் ரத்தத்தைப் பரிசோதித்துக் கண்டுபிடித்தார். கழுத்தில் பாராதைராய்டு என்று சுரப்பி இருக்கிறதாம். அரிசியளவு இருக்கவேண்டியது வீங்கி, எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுகிறதாம்.

"மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க. ரத்தம் ஏத்திட்டு, கழுத்துல சின்னதா வெட்டி எடுத்துரலாம். ஒங்க நோய்க்கு மயக்க மருந்து கொஞ்சம் ஆபத்துதான். விட்டா எலும்பும் கிட்னியும் போயிரும்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துபோச்சு, அம்புட்டுதான். என் வீட்டுக்காரரோ வெளிறிப்போய், "கழுத்துல மட்டும் வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

ஊர் திரும்ப வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நிலக்கோட்டைப் பூந்தோட்டங்கள் மிதந்து போயின. செடிகளெல்லாம் கிளம்பி எங்கோ நடந்துபோவதாகத் தோன்றியது. கூடவே போய்விடலாம் என்றும் இருந்தது. கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து பார்த்தால், இவர் அழுதுகொண்டிருந்தார்.

"தெனம் ஆட்டுக் கழுத்துல கத்தி வைக்கிறவன் ஜோதி. எம்புட்டு நேரத்துல உசுரு அடங்கும்னு எனக்குத் தெரியும்."

"நான் என்ன ஆடா?"

"வெளையாடாத."

"வெளையாடல. ஒங்க பக்கத்துல இருக்கிற நேரமெல்லாம் தூங்கித் தொலைக்கிறேன். எனக்கு முழிச்சிருக்கணுங்க. ஆபரேசனுக்கு நீங்க கையெழுத்துப் போடலன்னா நானே போட்டுக்குவேன்."

 அவர் வலது கையை வேட்டியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பத் துடைத்துவிட்டு, இரண்டு விரலை என் தொண்டையில் வைத்தார்.

"எங்கன இருக்கு?"

"தெரியலங்க."

 நான் எச்சிலை விழுங்கினேன். அவர் விரலுக்கடியில் தொண்டை ஏறி இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை.